ஆட்டம், பாட்டு படிக்கிற பிள்ளைகளுக்கு ஃபீஸும் உதவித்தொகையும்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

போன வாரம் "இசை, நாட்டியம், கூத்து படிக்கிற பிள்ளைகளோட ஃபீஸ், ஸ்காலர்ஷிப் பத்தி என்ன வேணாலும் கேளுங்க" என்று சொன்னேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்கு: தருமபுரியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். அப்பா முப்பது வருடம் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். மகள் இங்கே அரசு இசைப் பள்ளியில் மிருதங்கம் முடித்துவிட்டு இப்போது திருவையாறு கல்லூரியில் இருக்கிறாள். எனவே விண்ணப்பம் போடுகிற பக்கமும் தெரியும், பணம் வராமல் பேங்க் வாசலில் நிற்கிற பக்கமும் தெரியும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா: "பையனுக்கு வயலின் ஆசை. தனியா டீச்சர் வெச்சா மாசம் ஆயிரம் கேக்கறாங்க. அரசு இசைப் பள்ளியில எவ்வளவு ஆகும் தம்பி?"

அக்கா, வருடத்துக்கு 350 ரூபாய். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு. அதற்கு மேல் மாதம் 400 ரூபாய் ஊக்கத்தொகையாக அவர்களே தருகிறார்கள், பஸ் பாஸ் உண்டு, அரசு விடுதியிலும் இடம் கேட்கலாம். கலை பண்பாட்டுத் துறை நடத்துகிற பள்ளி இது. தருமபுரியில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று. குரலிசை, பரதம், வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம் என்று ஏழு பிரிவு, மூன்று வருடம். 12 வயதிலிருந்து 25 வரை சேரலாம். வயலினுக்கு ஏழாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நாதசுரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் சேர்க்கை அன்றைக்கு வந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். வகுப்பு பகலில், பத்து மணியிலிருந்து நாலு மணி வரை. உங்கள் பையன் எட்டாவது படிக்கிறான் என்றால் ஸ்கூலுக்கும் இதற்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. அதனால் அங்கே படிப்பவர்களில் நிறையப் பேர் பத்தாவதோ பன்னிரண்டோ முடித்துவிட்டு வந்தவர்கள்தான். இப்போதைக்கு ஜவகர் சிறுவர் மன்றத்தில் போடுங்கள், அதே துறை சின்னப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தருகிற இடம். 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், வார விடுமுறையில் வகுப்பு, ஃபீஸ் பெயருக்குத்தான். வாத்தியார் பிடித்துப்போய் பையனும் விடாமல் போகிறான் என்றால், பத்தாவது முடிந்ததும் இசைப் பள்ளியைப் பற்றி யோசிக்கலாம்.

அதே அக்கா: "வயலின் நாமதான் வாங்கணுமா?"

வகுப்பில் வாசிக்க அங்கே இருக்கும். ஆனால் வீட்டில் சாதகம் பண்ண ஒன்று வேண்டுமே. புதிது வாங்காதீர்கள், படித்து முடித்த பிள்ளைகள் விற்பார்கள், வாத்தியாரிடமே கேளுங்கள். 350 ரூபாய் ஃபீஸை யாராலும் கட்டிவிட முடியும். பிள்ளையைப் பாதியில் நிறுத்த வைப்பது மற்ற செலவுதான். மிருதங்கத்துக்கு வார் பிடிக்க, மூட்டு மாற்ற, கச்சேரிக்கு ஒரு வேட்டி சட்டை, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்கிற லக்கேஜ் என்று எதுவும் எந்த ஃபாரத்திலும் இருக்காது. என் மகளுக்கு முதல் வருடம் இந்தச் சில்லறைச் செலவைக் காலண்டர் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். ஆகஸ்டிலேயே எழுதுவதை விட்டுவிட்டேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி: "அண்ணா, எங்கப்பா கூத்துல முகவீணை வாசிக்கறாரு. தங்கச்சிக்கு 11 வயசு, நல்லா பாடுவா. எங்களுக்கெல்லாம் ஏதாவது கிடைக்குமா?"

தம்பி, உங்களுக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டெல்லியில் கலாசார வளங்கள் பயிற்சி மையம் என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, சிசிஆர்டி என்பார்கள். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அவர்கள் தருகிற உதவித்தொகை வருடத்துக்கு 3,600 ரூபாய், அதோடு குருவுக்குக் கட்டுகிற ஃபீஸ் வருடத்துக்கு 9,000 வரை. ஒருமுறை கிடைத்துவிட்டால், ஒழுங்காகக் கற்றுக்கொண்டே வந்தால், 20 வயது வரையோ முதல் டிகிரி முடிகிற வரையோ நீட்டிக்கிறார்கள். நாடு முழுக்க 650 இடம். அதில் 125 இடம் பரம்பரையாகக் கலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தனியாக ஒதுக்கியது, 100 இடம் பழங்குடிப் பிள்ளைகளுக்கு. நம் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு வருடா வருடம் கூத்து கட்டுகிற குடும்பம் எத்தனை இருக்கிறது! சித்தேரி, வத்தல்மலைப் பக்கம் பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர்! என் கடைக்கு இந்த விண்ணப்பத்தோடு வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

விண்ணப்பித்த பிறகு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள், அங்கே பாடிக் காட்ட வேண்டும். அப்பா கலைஞர் என்று காட்ட ஏதாவது காகிதம் வேண்டும் இல்லையா, அதற்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டைதான் நல்லது. அப்பாவிடம் அட்டை இருக்கிறதா? 18 முதல் 60 வயது வரை உறுப்பினர் ஆகலாம். அட்டை இருந்தால் வாரியத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கும் உதவி வாங்கலாம், அது பெரிய தொகை இல்லை, நோட்டுப் புத்தகச் செலவுக்கு ஆகும். எங்கப்பா அட்டையை வாங்கி, சீவாளி, அதாவது முகவீணையில் வாய் வைத்து ஊதுகிற நாக்கு, வைக்கிற பழைய பவுடர் டப்பாவுக்குள் வைத்துவிட்டார் (சீவாளி அவருடையது இல்லை, சேர்ந்து வாசித்த முகவீணைக்காரர் கொடுத்து வைத்தது). புதுப்பிக்கவே இல்லை. அவர் போன பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: வாத்தியம், உடை, ஆபரணம் வாங்க நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் ஒரு வருடத்துக்கு 500 பேருக்குத் தலா 10,000 தருகிறது. அப்பாவின் பெயரில் போடலாம். நம் இரண்டு மாவட்டமும் சேலம் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தின் கீழ் வருகிறது, அங்கே ஒருமுறை நேரில் போய் வந்தால் பாதி குழப்பம் தீரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: "சார், ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளி. இப்ப இசைக் கல்லூரியில பரதம் டிகிரி சேரப் போறேன். புதுமைப் பெண் வருமா? முதல் பட்டதாரி சலுகை?"

புதுமைப் பெண் வரும்மா. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய். 2024-லிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அதே வருடம் ஆகஸ்டிலிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம், ஒன்று வாங்கினால் இன்னொன்று போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

குடும்பத்தில் முதலில் டிகிரி படிக்கிறவருக்குத் தருகிற முதல் பட்டதாரி சலுகை இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புக்குத்தான், இசைப் படிப்புக்கு எதிர்பார்க்காதே. அதற்குப் பதில், பிசி, எம்பிசி பிள்ளை என்றால் அரசுக் கல்லூரியில் மூன்று வருட டிகிரிக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. எஸ்சி, எஸ்டி என்றால் பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். அரசு இசைக் கல்லூரி சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று நாலு ஊரில்தான், நமக்கு எது எடுத்தாலும் தூரம். அதனால் சேரும்போதே முதலில் விடுதியைக் கேள், ஃபீஸை அப்புறம் கேள். வெளியே ரூம் எடுத்தால் இந்த ஆயிரம் ரூபாய் வாடகைக்கே காணாது.

அரூரிலிருந்து: "எல்லாம் அப்ளை பண்ணியாச்சு. அப்ரூவ்ட்னு காட்டுது. பணம் மட்டும் வரல."

இந்தக் கேள்விக்குத்தான் என் கடையில் அதிகக் கூட்டம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "அக்கவுண்ட்ல ஆதார் லிங்க் பண்ணிட்டோம்" என்பார்கள். ஆதார் பேங்கில் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வரவேண்டும் என்ற இணைப்பு வேறு. கடைசியாக எந்த பேங்கில் அந்த இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டீர்களோ அங்கேதான் பணம் போகும். நீங்கள் ஃபாரத்தில் எழுதிய கணக்கு எண்ணை அது பார்க்கவே பார்க்காது.

இதைச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே நடந்தது. மகளுக்கு எட்டாவதில் ஸ்கூல் கேம்ப்பில் ஒரு கணக்கு ஆரம்பித்தார்கள். அப்புறம் நான் வேறு பேங்கில் கணக்கு வைத்து, அந்த எண்ணைத்தான் எல்லா இடத்திலும் எழுதினேன். ஏழு மாதப் பணம் அந்தப் பழைய கணக்குக்குப் போய், அது செயல்படாத கணக்கு என்று திரும்பி, நான் கவுன்ட்டருக்குப் போனால் "சிஸ்டத்துல எல்லாம் சரியா இருக்கு" என்ற ஒரே பதில். நாலு தடவை நடந்தேன். கடைசியில் ஒரு சின்னப் பையன், புது கிளர்க், ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினான், இணைப்பு வேறு பேங்கில் இருந்தது. நீங்கள் ஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' போட்டு, வருகிற பேங்க் பெயரைப் பாருங்கள். அது நீங்கள் நினைத்த பேங்க் இல்லையென்றால், நினைத்த பேங்குக்குப் போய் இணைப்பை இங்கே மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். ரெண்டு நிமிட வேலை.

ஓசூரிலிருந்து ஒரு அப்பா: "பொண்ணுக்கு அரங்கேற்றம் பண்ணச் சொல்றாங்க. நாலு லட்சம் ஆகும்னு கணக்குப் போட்டுத் தந்தாங்க. இதுக்கு எஜுகேஷன் லோன் கிடைக்குமா?"

கிடைக்காதுங்க. கல்விக் கடன் என்பது அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான். தனியார் நாட்டிய வகுப்புக்கும் அரங்கேற்றத்துக்கும் எந்த பேங்கும் தராது, பர்சனல் லோன் தருவான், வட்டியைப் பார்த்தால் தலை சுற்றும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கணக்கை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ், வீடியோ, நாலு செட் உடை, நகை, மேக்கப், பக்கவாத்தியம். இதில் நாட்டியத்துக்குப் போவது பக்கவாத்தியக்காரர்களுக்கும் குருவுக்கும் கொடுக்கிற பணம் மட்டும்தான். மிச்சமெல்லாம் ஒரு சின்னக் கல்யாணம். எனக்குத் தெரிந்து எந்த அரசு உதவித்தொகை விண்ணப்பமும் அரங்கேற்றம் ஆச்சா என்று கேட்பதில்லை. எத்தனை வருடம், யாரிடம் கற்றாய் என்றுதான் கேட்கிறது. கோயில் மண்டபத்தில் மார்கழி மாலையில் ஆடினாலும் அரங்கேற்றம் அரங்கேற்றம்தான், சலங்கைக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த நாலு லட்சம் கையில் இருக்கிறது என்றால் கல்லூரிக்கு வையுங்கள். பெங்களூரில் சேர்க்கலாம் என்று நினைப்பீர்கள், பக்கம்தானே. ஆனால் புதுமைப் பெண், பிசி எம்பிசி இலவசக் கல்வி எல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரிக்குத்தான். எல்லை தாண்டினால் எஸ்சி, எஸ்டி பிள்ளைகளின் போஸ்ட் மெட்ரிக் மட்டும் சொந்த மாநிலத்து வழியாகக் கூடவே வரும்.

ஓசூர் அப்பாவே மறுபடியும்: "பொண்ணுக்கு 19. எட்டு வருஷமா ஆடறா. வேற எதுவுமே இல்லையா?"

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே நீங்கள்! மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை அவளுக்காகவே வைத்தது மாதிரி. 18 முதல் 25 வயது, குருவிடம் குறைந்தது ஐந்து வருடப் பயிற்சி. தேர்வானால் மாதம் 5,000, இரண்டு வருடம். 400 பேருக்குத் தருகிறார்கள். நிபுணர்கள் முன்னால் ஆடிக்காட்டிப் பதில் சொல்ல வேண்டும், குருவின் ஒப்புதல் கடிதம் வேண்டும். பணம் மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், அதனால் அதை நம்பி மாதத் தவணை எதுவும் போட்டுவிடாதீர்கள். பரதம் மட்டும் இல்லை, நாடகம், நாட்டுப்புறக் கலை எல்லாவற்றுக்கும் உண்டு. பென்னாகரம் தம்பி, உனக்கு 18 ஆச்சு என்றால் நீயும் பார்.

காரிமங்கலத்திலிருந்து: "சான்றிதழ் எல்லாம் எப்ப எடுத்து வைக்கணும்?"

ஏப்ரலில். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று. எல்லோரும் ஜூனில் வருகிறார்கள், அப்போது விஏஓ மேசையில் ஊரே நிற்கும், சர்வரும் படுத்துக்கொள்ளும். வருமானச் சான்றில் அப்பா பெயருக்கு இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

பர்கூரிலிருந்து, பெயர் போடாமல்: "எனக்கு 42 வயசு. பம்பை கத்துக்க ஆசை. சிரிக்காதீங்க."

சிரிக்கவில்லை. கலை பண்பாட்டுத் துறையின் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன, 17 வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு, ஃபீஸ் 500 ரூபாய், வகுப்பு வெள்ளி, சனி சாயங்காலம். எந்த மாவட்டத்தில் எந்தக் கலை என்பது மாறும், கிருஷ்ணகிரி இசைப் பள்ளியில் போய்க் கேளுங்கள். பம்பை இல்லை என்றால் உங்கள் ஊர்க் கோயிலில் அடிக்கிறவரையே பிடியுங்கள். ஃபீஸ் என்ன கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும்.