இரண்டே நாளில் ஊசியை நிறுத்திவிட்டார்களே, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்குப் பனிக்குடம் உடைந்து 20 மணி நேரம் கழித்து, 35-வது வாரத்திலேயே குழந்தை பிறந்தது. உடனே என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) வைத்து இரண்டு ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார்கள். கோர்ஸை முழுசாக முடிக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பத்து நாள் போட்டார்களாம்.
- வாசகி, பெரம்பூர்

பதில்: நிறுத்தியது சரிதான் அம்மா. ‘கோர்ஸை முடிங்க’ என்று சொல்லிச் சொல்லி உங்களைப் பயமுறுத்தி வைத்திருப்பதே நாங்கள்தான்!

பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் தாண்டினால் கிருமித்தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். உங்கள் பேரக்குழந்தை குறைமாதம் வேறு. பச்சைக் குழந்தைக்குப் பல சமயம் காய்ச்சல்கூட அடிக்காது. பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும், உடம்பு சில்லிட்டுப் போகும். அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவியிருக்கும். அதனால்தான் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஊசியை ஆரம்பிக்கிறோம். பெரும்பாலும் ஆம்பிசிலின், ஜென்டாமைசின்.

முதல் ஊசிக்கு முன்னால் இன்னொரு வேலை நடந்திருக்கும். சுமார் ஒரு மில்லி ரத்தம் எடுத்து, கிருமிக்குத் தீனியாகும் திரவம் நிரம்பிய குட்டி பாட்டிலில் விட்டு லேபுக்கு அனுப்பியிருப்பார்கள். அதுதான் பிளட் கல்ச்சர். ரத்தத்தில் கிருமி இருந்தால் பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அந்த பாட்டிலில் வளர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் வளரவில்லை, குழந்தையும் தெம்பாகப் பால் குடிக்கிறது என்றால், இல்லாத நோய்க்கு எதற்குக் கோர்ஸ்?

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கல்ச்சரில் கிருமி வளர்ந்திருந்தால் பத்து நாள் நியாயம்தான். மூளைக்காய்ச்சல் என்றால் இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நீட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. பயிற்சிக் காலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான். குறைமாதக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் நாட்கணக்கில் போட்டால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழியும்; பூஞ்சைத் தொற்றும் குடல் அழுகலும் வர வாய்ப்பு கூடும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வார்டிலேயே குடியேறிவிடும். இதைத் தடுக்கத்தான் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து, நம் ஊர் பெயரிலேயே 2012-ல் ‘சென்னைப் பிரகடனம்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன.

வீட்டில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ‘உரம் விழுந்திருக்கு, புடவையில் போட்டு உருட்டு’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கல்ச்சரின் இறுதி ரிப்போர்ட் வழக்கமாக ஐந்தாம் நாள்தான் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லையென்றால் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.