டாக்டரிடம் கேளுங்கள்: ஒல்லியாக இருந்தும் எனக்கு ஏன் சர்க்கரை?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 47 கிலோ. என் கணவர் 84 கிலோ. வடை, மைசூர்பாகு எதையும் விடமாட்டார். அவருக்குச் சர்க்கரை இல்லை, எனக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4. எங்கள் டாக்டர், "எடையைக் குறைக்காதீங்க, கால் பலத்தை ஏத்துங்க" என்கிறார். சர்க்கரைக்கும் கால் பலத்துக்கும் என்ன சம்பந்தம்? நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா?
- வாசகி, தென்காசி

பதில்: முதலில் கணவரை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். "எனக்கெல்லாம் சுகர் கிடையாது" என்பவர்களில் பல பேர் டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான், ஒரு டீஸ்பூன் அளவு. நான்கு இட்லி சாப்பிட்டாலே அதைப்போலப் பல மடங்கு உள்ளே வந்துவிடும். அதை வாங்கி வைத்துக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. கல்லீரலில் 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும். தொடை, பிட்டம், முதுகு என்று உடம்பிலுள்ள தசைகளில் எல்லாம் சேர்த்து 400 கிராம் வரை பிடிக்கும். ஆனால் தசைக்குள் போன சர்க்கரை திரும்ப ரத்தத்துக்கு வராது; அதற்கான நொதி தசையில் இல்லை. அந்தத் தசையே வேலை செய்து தீர்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் தசை என்ற பத்தாயமும் சின்னது, உள்ளே இருப்பதும் செலவாகவில்லை. புதிதாக வருவது எங்கே போகும்? ரத்தத்திலேயே சுற்றும்.

ஒல்லியான உடம்பிலும் கொழுப்பு ஒளிந்திருக்கும். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004-ல் தங்களையே அளந்து லான்செட் மருத்துவ இதழில் படத்தோடு போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! எடை மெஷின் இதையெல்லாம் சொல்லாது.

அதனால் நான் இஞ்ச் டேப்பை எடுப்பேன். கெண்டைக்காலில் பருத்த இடத்தைச் சுற்றி அளப்பேன். ஆசியர்களுக்கான அளவுகோலின்படி பெண்களுக்கு 33 செ.மீ., ஆண்களுக்கு 34 செ.மீ. இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் தசை குறைவோ என்று சந்தேகப்படலாம். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் காலுக்குப் பலம் போதவில்லை. இரண்டையும் இன்றைக்கே வீட்டில் பார்த்துவிடலாம்.

வீட்டு வேலைக்கு வருகிறேன். ஆட்டுக்கல், தண்ணீர்க் குடம், குத்தவைத்து உட்காருவது எல்லாம் போய்விட்டன. அடுப்படியில் மணிக்கணக்காக நின்றால் களைப்பு வரும், இடுப்பு வலிக்கும். தொடைத் தசைக்கு அதில் பெரிய வேலை இல்லை. அதே நாற்காலியில் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யுங்கள். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தசை சுருங்கும்போது குளுட்-4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே வாங்கும். இன்சுலின் சொல்லித்தான் வர வேண்டும் என்பதில்லை. அந்தப் பலன் ஓரிரு நாள்தான் நிற்கும், ஆகவே தொடர்ந்து இரண்டு நாள் விடாதீர்கள். சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடங்கள். முட்டை, மீன், சுண்டல் என்று ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும்.

கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் மூச்சை அடக்கிக் கனமானதைத் தூக்கக் கூடாது. எடை தானாகவே இறங்கிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் இத்தனை விளக்கமும் அப்புறம். கணையம் இன்சுலின் சுரக்கிறதா என்று சி-பெப்டைட் டெஸ்ட் பார்க்க வேண்டும்.

கேள்வி: வயது 29, சர்க்கரை எல்லைக்கோட்டில். ஜிம்மில் வெயிட் போட்டுவிட்டுப் பார்த்தால் 118-ஆக இருந்தது 156 ஆகியிருக்கிறது. நிறுத்திவிடவா?
- வாசகர், ஓசூர்

பதில்: நிறுத்தாதீர்கள். கனமாகத் தூக்கும்போது அட்ரினலின் ஏறும். அவசரத்துக்கு வேண்டுமே என்று கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தானாக இறங்கும். வியர்வை காயும் முன்பே விரலைக் குத்துவதை விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பாருங்கள்.

கேள்வி: நின்றாலே போதும், அதிர்வில் தசை வேலை செய்து சர்க்கரை குறையும் என்று ஒரு மெஷினை 18,000 ரூபாய் சொல்கிறார்கள். மூட்டு வலியால் எனக்கு நடக்க முடியவில்லை. வாங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போய், உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சிகளையும் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சிகளையும் கற்றுக்கொண்டு வாருங்கள். பட்டையின் விலை சில நூறு ரூபாய்தான்.