தினமும் ஒரு மூடி சிரப் தேவைதானா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது, மகனுக்கு ஐந்து மாதம். மகள் இப்போதெல்லாம் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. பால் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல் அவளுக்கும் தினமும் மல்டிவைட்டமின் சிரப் கொடுக்கலாமா? மகனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி சொட்டு மருந்தை, தாய்ப்பாலே போதும் என்று என் மாமியார் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் மகனுடைய சொட்டு மருந்து: அதை நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலுக்கு நிகரான உணவு இல்லை என்பதில் உங்கள் மாமியாருடன் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தது முதல் ஒரு வயது நிறையும்வரை நாளொன்றுக்கு 400 யூனிட் கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள மருந்தும் 800 யூனிட் உள்ள மருந்தும் கடைகளில் கிடைப்பதால், ஒவ்வொரு முறை புதிய பாட்டில் வாங்கும்போதும் லேபிளைப் படித்து, அதனுடன் வரும் துளிக்குழாயிலேயே அளந்து கொடுங்கள். பெரியவர்கள் வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 யூனிட் மருந்து வீட்டில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அளவு மாறிப்போனால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் தொடங்கி, சிறுநீரகம்வரை பாதிக்கப்படலாம்.

மகளுக்கு மல்டிவைட்டமின் சிரப் தேவைப்படும் என்று தோன்றவில்லை. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஓராண்டில் ஒன்பது கிலோவைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகோ ஆண்டுக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைவது இயல்பு. இதைக் குறைபாடு என்று எண்ணித் தட்டுடன் குழந்தையின் பின்னால் ஓடும் பெற்றோரை நான் தினமும் பார்க்கிறேன். எடையும் உயரமும் வளர்ச்சி அட்டையின் கோட்டை ஒட்டிச் சென்றால் கவலை வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது அவள் குடிக்கும் பால்தான். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு; அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடுவதால், இரும்புச்சத்துள்ள உணவுக்கு இடமே இருக்காது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆனால் மல்டிவைட்டமின் சிரப்புகள் பலவற்றில் இரும்புச்சத்து இருப்பதே இல்லை. ஆகவே பாலை இரண்டு டம்ளருடன் நிறுத்திவிட்டு முட்டை, மீன், பருப்பு, கீரை என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். கீரையுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உட்கிரகிக்கப்படும்.

இந்த வயதினருக்கென அரசுத் திட்டத்தில் இரும்பு, ஃபோலிக் அமில சிரப் வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் தரப்படுகிறது. அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். அதைக் கொடுக்கும் நாட்களில் மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ மருந்தும் அவளுக்குத் தவறாமல் கிடைத்திருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையில் பாருங்கள். அவள் வெளிறித் தெரிந்தாலோ, மண், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்றாலோ, சிரப்பைத் தேடுவதற்கு முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், பால்கூடச் சேர்க்காத முழுத் தாவர உணவுக் குடும்பத்துக் குழந்தைகள், வலிப்பு மருந்தை நெடுநாள் எடுப்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்கு எந்தச் சத்து, எவ்வளவு என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மிட்டாய் போன்ற வைட்டமின் கம்மிகளை நான்கு வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு அவை தேவையில்லை. சர்க்கரையும் சேரும், பல்லிலும் ஒட்டும். மிட்டாய் என்றே நினைத்து ஒரு கைப்பிடி தின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து, ஏனெனில் ஏ, டி போன்ற கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் மிகுந்தால் உடலிலேயே தங்கிவிடும். வீட்டில் கர்ப்பிணிகளுக்கான இரும்பு மாத்திரை இருந்தால் அதையும் பூட்டி வையுங்கள். குழந்தை அதை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.