கடும் தொற்றில் உடல் எடை: எதைப் பார்க்க வேண்டும்? – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

அண்ணனுக்கு 94 கிலோ, சர்க்கரை நோயும் உண்டு. கால் புண் முற்றி, ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்து வந்துவிட்டார். "உடம்பு இருந்ததால்தான் தாங்கினான்" என்கிறார்கள் உறவினர்கள். ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றனவாமே?
– வாசகர், கும்பகோணம்

ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் உறவினர்கள் சொல்லும் காரணம் அவற்றிலிருந்து கிடைக்காது.

தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுப்பாடு இழந்து தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதைத்தான் செப்சிஸ் என்கிறோம். ஐ.சி.யூ.வில் செப்சிஸுடன் இருந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2016-ல் வெளியானது. சரியான எடை உள்ளவர்களைவிட, கூடுதல் எடை உள்ளவர்களிடமும் பருமனானவர்களிடமும் இறப்பு சற்றுக் குறைவாக இருந்தது. மிகக் கடுமையான பருமன் உள்ளவர்களிடம் அந்தச் சாதகம் உறுதிப்படவில்லை. மருத்துவர்கள் இதைப் 'பருமன் முரண்' என்கிறார்கள்.

ஒப்பிடப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். 'சரியான எடை' வரிசையில், புற்றுநோயாலோ கல்லீரல் சுருக்கத்தாலோ 70 கிலோவிலிருந்து 56-க்கு இறங்கியவரும் உட்கார்ந்திருக்கிறார். குறியெண் (உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பி.எம்.ஐ.) நன்றாக இருக்கும், உடல் நன்றாக இருக்காது. அடுத்து, எடை எப்போது பார்க்கப்பட்டது? நான்கு லிட்டர் சலைன் ஏறிய பிறகு பார்த்தால் நான்கு கிலோ வரை தண்ணீரே இருக்கும். கனமான நோயாளியை வார்டில் திருப்பிப் படுக்கவைப்பதே சிரமம் என்பதால் நோய் முற்றும் முன்பே ஐ.சி.யூ.வுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அப்படிப் போனவர்கள் பிழைத்தால் அந்தப் பெருமை எடைக்குப் போய்ச் சேர்கிறது.

கொழுப்பில் சேமிப்பு இருப்பதால் பட்டினி நாட்களில் உதவும் என்ற விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது, நிரூபணமும் ஆகவில்லை. ஆனால் 2009-ன் பன்றிக்காய்ச்சலிலும் கோவிட்டிலும் பருமன் நோயைக் கடுமையாக்கியது தெளிவாகத் தெரிந்த செய்தி. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்த ஆய்வுகள் ஐ.சி.யூ. வாசலிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. அந்த வாசல்வரை உங்கள் அண்ணனைக் கொண்டுபோனதில் சர்க்கரைக்கும் எடைக்கும் பங்கு இருந்திருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, காலைத் தினமும் பார்த்து, எடையை மெதுவாகக் குறைக்கட்டும்.

அம்மாவுக்கு 71 வயது, 36 கிலோ. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. ஒல்லியாக இருப்பதால் ஆபத்து கூடுமா?
– வாசகி, திண்டுக்கல்

கூடும். பருமனைப் பற்றித்தான் விவாதம்; மெலிவு, அதிலும் சமீபத்தில் வந்த மெலிவு, கெடுதல் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

காரணம் தசை. தொற்று வந்ததும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யத் தேவையான மூலப்பொருளை உடல் தசையிலிருந்து உருவுகிறது. 2013-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஐ.சி.யூ. நோயாளிகளின் தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 10 நாளில் சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியது. ஏற்கெனவே தசை குறைந்தவரிடம் உருவ என்ன இருக்கிறது? மூச்சு இழுப்பதும் சளியை இருமித் தள்ளுவதும்கூடத் தசையின் வேலைதான்.

மெலிந்தவர்களிடம் அதிகம் தவறுவது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினின் ரிப்போர்ட். 1.0 என்று வந்தால் "கிட்னி நார்மல்" என்று நிம்மதியாகிவிடுவோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் சிறுநீரகம் கெட்ட பிறகும் எண் ஏறாது. அம்மாவின் வயதையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால், 1.0-க்கு சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 30 மில்லிக்கும் சற்றுக் கீழே! பல ஆன்டிபயாட்டிக்குகளின் தொடர் அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் 36 கிலோ என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த வயதில் காய்ச்சல் வராமலேயே தொற்று முற்றலாம். உடல் சில்லிட்டும் போகலாம். திடீரென்று பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் பி.பி. 100 அல்லது அதற்குக் கீழ், அரை நாளாகச் சிறுநீர் பிரியாமல் இருப்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

ஐந்தாறு நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்கு, தெம்பு வரட்டும் என்று ஒரேயடியாகக் கஞ்சியும் குளுக்கோஸும் ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சரிந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு ஒரு கிலோவுக்கு 10 கலோரி (அம்மாவுக்கு நாளைக்கு 360) என்று தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே நான்கு முதல் ஏழு நாளில் ஏற்றுவது வழக்கம். இது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் சேர்ந்திருக்கிறேன். "எடைக்கேற்ற அளவு" என்கிறார்கள். பருமனான நோயாளிக்கு எந்த எடையை எடுத்துக்கொள்வது?
– வாசகி, ஈரோடு

ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. உயரம் 155 செ.மீ., எடை 90 கிலோ உள்ள ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம்.

வென்டிலேட்டருக்கு உயரம் மட்டுமே கணக்கு. ஒருவர் பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50. அத்துடன் உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இவருக்கு 48 கிலோ வருகிறது. நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் கிலோவுக்கு 6 மில்லி, அதாவது ஒரு மூச்சுக்குச் சுமார் 290 மில்லி. 90 கிலோவை வைத்துப் போட்டால் 540 மில்லி. கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 11 மில்லியைத் தாண்டிவிடும். 2000-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய சோதனையில் 12 மில்லி வைத்த குழுவில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி குழுவில் 31 சதவீதம். டேப்பை எடுத்து உயரத்தை அளக்க ஒரு நிமிடம் ஆகாது. கண்ணால் மதிப்பிட்டு எழுதாதீர்கள்.

சலைனுக்கு, முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பது 2021-ன் சர்வதேச வழிகாட்டுதல். 90 கிலோவுக்கு 2,700 மில்லி, 48-க்கு 1,440 மில்லி. குறியெண் 30-ஐத் தாண்டியவருக்கு உயரத்துக்கேற்ற எடையை எடுப்பதும் உண்டு. எதை எடுத்தாலும் 250 முதல் 500 மில்லி கொடுத்து, நிறுத்திப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடங்குவதே பத்திரம். ரத்த ஓட்டம் போதுமா என்று பார்க்க, விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டுக் கையை எடுங்கள்: 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சூத்திரத்தைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாம்பியாவில் நடந்த சோதனை சாட்சி (2017-ல் வெளியானது). செப்சிஸுடன் பி.பி. இறங்கியவர்கள், பெரும்பாலோர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். நிறைய சலைன் கொடுத்த குழுவில் 48.1 சதவீதம் பேரும் வழக்கமான சிகிச்சையில் 33 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

ஆன்டிபயாட்டிக்கில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும்: பருமனானவருக்குக் குறைவாகப் போய்விடும். வான்கோமைசின் முதல் டோஸ் உண்மையான எடைக்குத்தான். பருமனில் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., உச்சம் 3 கிராம். ஜென்டாமைசினுக்கு நடுவாந்தர எடை: 48-உடன், அதிகப்படியான 42 கிலோவில் 40 சதவீதத்தைக் கூட்டினால் சுமார் 65. கிட்னி பழுது என்று முதல் டோஸையே குறைத்துவிடக் கூடாது. குறைப்பது அடுத்தடுத்த டோஸ்களில். அளவை முடிவு செய்பவர் மருத்துவர்தான். ஆனாலும் சீட்டில் எந்த எடை எழுதியிருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பி.பி. பட்டையையும் கவனியுங்கள். கைச் சுற்றளவு 35 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டை வேண்டும். சாதாரணப் பட்டையைக் கட்டினால் பி.பி. உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நோயாளி ஷாக்கில் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) இறங்கிக்கொண்டிருப்பார், மானிட்டரில் 110 தெரியும்.

டி.பி.க்கு மருந்து ஆரம்பித்து ஒரு மாதம். எடை ஏறவே இல்லை. கவலைப்பட வேண்டுமா?
– வாசகர், ராமநாதபுரம்

அடுத்த மாதம்வரை விடாமல் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளுக்கு உணவுப் பை கொடுத்து நடந்த, 2023-ல் வெளியான ஆய்வில், முதல் 2 மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ உள்ளவருக்கு அது 2 கிலோதான். தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், குறியெண் 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ, 16-க்குள் இருந்து கால் வீங்கியிருந்தாலோ அபாய நிலை என்று கருதி உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்கள். எடை ஏறாததற்கு மருந்துக்கு மசியாத கிருமி, சர்க்கரை நோய், குமட்டல், வீட்டில் போதிய சாப்பாடு இல்லாமை என்று பல காரணங்கள் இருக்கலாம். ஊட்டச்சத்துக்கென மத்திய அரசு தரும் மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்குக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

செப்சிஸிலிருந்து மீண்டு வீடு வந்த கணவர் 58 கிலோவிலிருந்து 50 ஆகிவிட்டார். என்ன கொடுக்கலாம்?
– வாசகி, தூத்துக்குடி

இறங்கிய 8 கிலோவில் பெரும்பங்கு தசையாக இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் நாளைக்கு 60 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே, 100 கிராம் பருப்பில் சுமார் 22, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25-ஐ ஒட்டி இருக்கும். ஒரே வேளையில் திணிக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். வெறும் அரிசிக் கஞ்சியோடு நிறுத்தினால் ஏறுவது கொழுப்புதான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வதை முடிந்த அளவு, நாளைக்கு மூன்று வேளை செய்யச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு முறை, காலையில் சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்றே நாளில் 2 கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால் அது உடம்பு தேறியது அல்ல, நீர் கோத்தது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.