நால்வரை அனுப்பிவிட்டு நாம் என்ன செய்வது?

வணக்கம் ஐயா. உவர்மலையில் இருக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாராளுமன்ற அமர்வுகளைத் தொலைக்காட்சியில் பார்ப்பது பழக்கம். பாதிக் கதிரைகள் வெறுமை. இருப்பவர்கள் ஆளுக்காள் கத்துகிறார்கள். கடைசியில் அரசாங்கம் கொண்டுவந்தது நிறைவேறிவிடுகிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கு ஒப்பந்தம் போட்டபோது எங்கள் ஊரவரை யாரும் கேட்கவில்லை. திருகோணமலை மாவட்டத்திலிருந்து நான்கு பேரை அனுப்புகிறோம். 225 பேருக்குள் அந்த நால்வரால் என்ன ஆகும்? ஒரு சட்டத்தை அங்கே யாராவது உண்மையில் வாசித்துப் பார்க்கிறார்களா?

ஓர் ஆசிரியை, உவர்மலை

அன்புள்ள ரீச்சர்,

வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கும் நேரத்தில் அந்த வேலை நடப்பதில்லை. விவாதம் தொடங்கும்போதே யார் எந்தப் பக்கம் வாக்களிப்பார்கள் என்பது கட்சிகளுக்குள் முடிவாகியிருக்கும். அந்தக் கூச்சலை மட்டும் வைத்துப் பாராளுமன்றத்தை அளந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளியாக வேண்டும். அதன் பிறகே சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். சேர்ந்த நாளிலிருந்து குறிப்பிட்ட சில நாட்களுக்குள், இது அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உவர்மலையில் இருக்கும் நீங்களும் போகலாம். மனு போனால் மூன்று வாரத்துக்குள் நீதிமன்றம் தன் தீர்மானத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சில நாட்களைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். விட்டால் திரும்பக் கிடைக்காது. சபாநாயகர் கையெழுத்திட்டுச் சான்றுப்படுத்திய பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அப்படிச் சொல்கிறது. இந்தியாவில் ஒரு சட்டம் வந்து பல ஆண்டுகள் கழித்தும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று ஒதுக்கலாம். நமக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. இது பெரிய அநியாயம் என்பதே என் எண்ணம்.

இதன் விலையை நம் சனம் நன்றாக அறியும். 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவசர சட்டமூலமாகக் கொண்டுவரப்பட்டது. ஊரில் ஒருவர் அதை எடுத்து வாசித்து, புரிந்து, வழக்கறிஞரிடம் போக அவகாசமே இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடு என்றார்கள். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அப்புறம் எத்தனை வீடுகளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்மைய உதாரணம், இணையத்தில் போடும் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். 2023 ஒக்டோபரில் சபைக்கு வந்தது. நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. 31 வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பாருங்கள், ஆட்கள் வாசித்ததால் கிடைத்த பலன் அது. ஆனால் அந்தத் திருத்தங்களைச் சேர்க்க வேண்டிய இடம் குழுநிலை. இரண்டாம் மதிப்பீட்டு விவாதம் முடிந்ததும், வாசகம் வாசகமாகப் பார்க்கும் கட்டம் அது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்குகளால் சட்டமூலம் நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன சில திருத்தங்கள் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொல்லின. சபாநாயகர் பெப்ரவரி 1ஆம் திகதி கையெழுத்திட்டுவிட்டார். மார்ச்சில் அவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. 75 பேர் ஆதரித்தார்கள், 117 பேர் எதிர்த்தார்கள். அதோடு சரி. ஒரு சட்டத்தின் உண்மையான உருவம் அந்தக் குழுநிலையில்தான் முடிவாகிறது. அந்த நேரத்தில் திருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே ஓர் உறுப்பினர் இருந்தாலும், உரத்த பேச்சாளர்கள் பலரை விட அவர் மேல்.

சரி, எண்ணெய்க் குதங்கள். அது வேறு கதை, ஏனென்றால் அது சட்டமூலமே அல்ல. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காக அமைத்த தாங்கிகளில் இன்று 99 கணக்கில் இருக்கின்றன. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசியோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. 2022 ஜனவரி 6ஆம் திகதி புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. 14 தாங்கிகள் ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். இதற்கெல்லாம் அமைச்சரவைத் தீர்மானம் போதுமாக இருந்தது. வரைவை வெளியிட்டு, மனுப்போட நாள் கொடுத்து, வாசகம் வாசகமாகப் பார்க்கும் எந்தக் கட்டமும் இல்லை. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. அதைச் சபைக்குக் கொண்டுவாருங்கள் என்று எதிர்க்கட்சிகள் பிறகு கேட்க வேண்டியிருந்தது. நாட்டின் நிலத்தையும் துறைமுகத்தையும் பல பத்தாண்டுகளுக்குக் கட்டிப்போடும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன்பே வரைவாகச் சபையில் வைக்கப்பட வேண்டும். நான் இதைப் பல இடங்களில் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

ஆனாலும் வழி முழுக்க அடைபடவில்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அரச நிறுவனம். ஆகவே அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் அதன் அதிகாரிகளை அழைத்து, தாங்கிகளில் எத்தனை திருத்தப்பட்டன, செலவு என்ன, வருமானம் என்ன என்று கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையை வைத்தே கேட்கலாம். கோப்பால் யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் பதிவில் ஏறிய விடையை யாரும் லேசில் அழிக்க முடியாது. 2015இல் மத்திய வங்கியின் பிணைமுறி விற்பனையில் முறைகேடு என்று எழுந்த விவகாரம் நினைவிருக்கும். 2016 ஒக்டோபரில் கோப் அறிக்கை வந்தது. அரசாங்கப் பக்க உறுப்பினர்கள் அடிக்குறிப்புகள் போட்டு அதை மெலிதாக்கப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்க வேண்டி வந்தது.

உங்கள் நால்வர் கேள்விக்கு வருகிறேன். வாக்கெடுப்பில் நான்கு வாக்கு நான்கு வாக்குத்தான். குழு மேசையில் அப்படி இல்லை. அங்கே ஆட்கள் குறைவு, நேரம் கூடுதல், எதிரில் பதில் சொல்ல வேண்டிய அதிகாரி இருக்கிறார். தயாராக வந்த ஒருவர் போதும். ஆகவே உங்கள் உறுப்பினரைக் காணும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள். எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், அமைச்சரிடம் வாய்மூல விடைக்கு என்ன கேள்வி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கோயில் திருவிழாவுக்கும் பாடசாலை விழாவுக்கும் வந்து போவதை நாம் பெரிதாக எடுப்பதால்தான் அவர்களும் அதையே பெரிதாகச் செய்கிறார்கள்.

இன்னொன்று, பொது மனுக்கள் பற்றிய குழு. அரச அலுவலகம் ஒன்றால் அநீதி நடந்திருந்தால், ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாக உங்கள் மனுவை அதற்குக் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம். குதங்கள் பற்றிய ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கூட்டுத்தாபனத்திடமே விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளையும் உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள், கேள்விக்கு அதுவே முதல் வரி. விண்ணப்பத்தை எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வார்த்தைகளைச் சேர்ந்து பார்ப்போம்.