ஏலக்காய் ஸ்டோருக்கு ஒரு கேபிள்

கேள்வி: வண்டன்மேடு பக்கம் எங்கள் வீடு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், களத்தைத் தாண்டி நாற்பது மீட்டரில் தனிக் கட்டடம். வீட்டில் கணக்கு எழுதும் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்டோரில் எடை பதிய புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம். அங்கே பதிவதை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். கம்பத்தில் ஒரு கடைக்காரர், ‘கிராஸ் கேபிள் போடுங்கள், போதும்’ என்கிறார். மகன் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்கிறான். எதைச் செய்வது?

பதில்: மகன் பக்கம்தான் நான். ஆனால் இரண்டு பேருமே அந்த நாற்பது மீட்டரைக் கவனிக்கவில்லை.

முதலில் கிராஸ் கேபிள். ஒரு கம்ப்யூட்டர் அனுப்பும் கம்பி மற்றதன் வாங்கும் கம்பியில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, ஒரு முனையில் கம்பிகளை மாற்றி அடித்தது ஒரு காலம். இன்றைய கிகாபிட் போர்ட்டுகள் அதைத் தாமே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். சாதாரண கேபிளே போதும். நேரடியாகச் செருகினால் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் முகவரி (ஐ.பி. எண்) கொடுக்க நடுவில் யாரும் இல்லை என்பதால், விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஒன்றைத் தானே போட்டுக்கொள்ளும். அதைவிட ஒன்றில் 192.168.50.1, மற்றதில் 192.168.50.2, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்து, கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம். ஒரே அறையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டருக்கு இது அருமையான வழி. உங்களுக்கு ஆகாது. ஸ்டோரில் இன்டர்நெட் வராது. ஏல விலை பார்க்கக்கூட வீட்டுக்கு நடக்க வேண்டும்.

ரவுட்டர் புதிதாக வாங்கத் தேவையிருக்காது. வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் வருகிறதென்றால், அவர்கள் சுவரில் மாட்டிய பெட்டியே பெரும்பாலும் ரவுட்டர்தான். அதன் லேன் துளைகளில் இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்தால் வேலை முடிந்தது. சில பெட்டிகளில் ஒரு துளை மட்டுமே கிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்), மற்றவை 100 எம்.பி.பி.எஸ். எடைக் கணக்குக்கு அதுவே தாராளம். பத்து ஜிபி வீடியோவை நகலெடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்: ஒன்றில் ஒன்றரை நிமிடம், மற்றதில் கால் மணி நேரம்.

இப்போது அந்த நாற்பது மீட்டர். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். தூரம் பிரச்சினையே இல்லை. இடிதான் பிரச்சினை. சித்திரையில் கோடை மழையும் ஐப்பசியில் துலாவர்ஷமும் மதியத்துக்கு மேல் உங்கள் மலையில் எப்படி இடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் கேபிள் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்து மரத்தில் இறங்கினாலே, வெளியே ஓடும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் எகிறும். மேலும் இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி. இடி இறங்கும் நொடியில் ஒரு கட்டடத்தின் தரைக்கும் மற்றதன் தரைக்கும் இருக்கும் அழுத்த வேறுபாடு, உங்கள் கேபிளையே பாலமாக்கிக் கடக்கப் பார்க்கும். போர்ட் கருகும், சில சமயம் மதர்போர்டும் கூடவே போகும். கேபிளைக் குழாய்க்குள் விட்டுப் புதைத்தாலும் இந்த இரண்டாவது ஆபத்து அப்படியே இருக்கும்.

ஆகவே களத்தின் குறுக்கே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உள்ளூரில் ஃபைபர் இணைப்பு கொடுப்பவரிடம் முனை ஒட்டும் மெஷின் இருக்கும். கூப்பிட்டால் வந்து செய்வார். அவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள்: தாங்குவதற்காக உள்ளே ஸ்டீல் கம்பி வைத்த கேபிள் வேண்டாம், உலோகமே இல்லாததுதான் வேண்டும். ஸ்டீல் கம்பி உள்ளே ஓடினால் ஃபைபர் போட்டதன் பலனில் பாதி போச்சு. ஃபைபரின் ஒளியை லேன் கேபிளுக்கான மின்சாரமாகவும் திருப்பியும் மாற்ற, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். ஒற்றை இழைக்கான பெட்டிகள் ஏ, பி என்று ஜோடியாக வரும். இரண்டும் ஏ-வாக வாங்கிவிட்டால் பவர் விளக்கு எரியும், தொடர்பு வராது. ஸ்டோர் பக்கப் பெட்டியை கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்-ஸிலேயே செருகுங்கள். வீட்டுப் பக்கப் பெட்டியும் ரவுட்டரும் அதேபோல் யு.பி.எஸ்-ஸில் இருந்தால், கரண்ட் போனாலும் தொடர்பு அறாது. வைஃபையை நம்ப வேண்டாம். இரண்டு சுவரும் தகரக் கூரையும் தாண்டுவதற்குள் அது களைத்துவிடும்.

ஸ்டோரில் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கும், வீட்டில் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கும் போகும் சின்னத் துண்டு மட்டும் சாதாரண லேன் கேபிள். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே தோற்றத்தில் விற்கிறது.

பிறகு விண்டோஸ். இரண்டிலும் நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ என்று மாற்றி, கணக்கு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்யுங்கள். முழு டிரைவை வேண்டாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்போது, தினமும் திறக்கப் போடும் நாலு எண் ‘பின்’ (PIN) செல்லாது. அந்தப் பயனரின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பலர் இங்கேதான் கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தது என்றால் புதியதோடு ஷேரிங் பேசாது. அதை இயக்கிப் பார்க்க மெனக்கெடாமல், கணக்கைப் புதியதற்கு மாற்றிவிடுவது நல்லது.

ஸ்டோர் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். மகனுக்கு அது ஐந்து நிமிட வேலை.