வாசகர் கேள்வி: முகாம் அடுப்பு ஏன் புகைகிறது?

கேள்வி: இரண்டு பால் பவுடர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, முகாமுக்கு எடுத்துப்போக விறகடுப்பு செய்தேன். ஐந்து நிமிடம் நன்றாக எரிகிறது, பிறகு ஒரே புகை. பாத்திரமெல்லாம் கரி. எங்கே தவறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் விறகை, உள்டப்பாவின் விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் போடும் மேல்துளைகளுக்கு மேலே நிரப்புவதுதான் காரணம். இந்த அடுப்பின் உயிரே அந்தத் துளைகள்தான். விறகு சூடானதும் கிளம்பும் புகை, எரியக்கூடிய வாயு. இரு டப்பாக்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகும் காற்று, மேல்துளை வழியே உள்ளே பாய்ந்து அந்தப் புகையை எரிக்கிறது. அடுப்பு சரியாக எரியும்போது, கேஸ் அடுப்பில் தெரிவதுபோல ஒவ்வொரு துளையிலும் ஒரு சிறு நாக்கு உள்நோக்கி நீளும். அது தெரியாவிட்டால் காற்று எங்கோ தடைபட்டிருக்கிறது.

அளவுகளைச் சரிபாருங்கள். உள்ளே 400 கிராம் டப்பா, வெளியே ஒரு கிலோ டப்பா என்றால் நடுவே ஒன்றேகால் சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி கிடைக்கும். அது போதும். உள்டப்பாவின் விளிம்புக்கு 2 செ.மீ. கீழே, 2 செ.மீ.க்கு ஒன்றாக 6 மி.மீ. துளைகள் 15 வரும். அதன் அடித்தட்டிலும் அதே அளவில் இருபது துளைகள் போடுங்கள். வெளி டப்பாவின் பக்கவாட்டில், தரையை ஒட்டி 12 மி.மீ. துளைகள் பத்து வேண்டும். பெரிய டப்பாவைக் கவிழ்த்து, அதன் அடித்தட்டில் உள்டப்பாவின் உடல் நுழையும் அளவுக்கு மட்டும் வட்டம் வெட்டினால், சின்ன டப்பா விளிம்பில் தொங்கி நிற்கும். துத்தநாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம். அது சூடேறி வரும் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

தீயைக் கீழே வைக்காமல் மேலே வையுங்கள். விரல் பருமன் சவுக்கு மிளாறுகளைத் துளைக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி நறுக்கி அடுக்கி, மேலே தேங்காய் நார், ஒரு கற்பூரவில்லை. ஒடித்தால் ‘படக்’கென்று முறிய வேண்டும். வளைந்து, பட்டை நாராகத் தொங்கினால் ஈரம் இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். உடைத்த சிரட்டை இன்னும் நன்றாக எரியும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, காய்ந்த விறகு 150 முதல் 200 கிராம் பிடிக்கும். தீ தாழும்போது இரண்டு மூன்று குச்சிகளாகப் போடுங்கள். கைநிறைய அள்ளிப்போட்டால் மறுபடியும் புகைதான்.

பாத்திரம் விளிம்பிலிருந்து 3 அல்லது 4 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். வாயை மூடினாற்போல் வைத்தால் தீ குளிர்ந்து கரியாகப் படியும். வெளிப்பக்கம் சபீனா குழைத்துப் பூசிவைத்தால் கழுவுவது சுலபம்.

கேள்வி: கடற்கரை மணலில் வைத்தால் தீ அணைந்துவிடுகிறதே? காட்டில் வைக்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: மணலில் அடுப்பு அமிழ்ந்து கீழ்த்துளைகள் புதைந்துவிடும். அடியில் ஓட்டுவில்லையோ தட்டைக்கல்லோ போடுங்கள். காற்று வரும் பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள், சுற்றி அடைக்காதீர்கள்.

காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்; அடுப்பு சிறியது என்பதால் விலக்கில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை மறக்கவே கூடாது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். சொந்தத் தோட்டமோ, தீ மூட்ட அனுமதியுள்ள முகாமோ என்றால் சுற்றிலும் ஒன்றரை மீட்டருக்குச் சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்த பிறகு பற்றவையுங்கள்.

கேள்வி: மழையென்றால் டென்டுக்குள் வைக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. புகை தெரியாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். குளிருக்காகத் தணலை உள்ளே எடுத்துப்போவதும் அதே ஆபத்துதான். சமைத்து முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள். சாம்பலைக் கையால் தொட்டுச் சூடு இல்லையென்று உறுதியான பிறகே அடுப்பைப் பையில் வையுங்கள்.